வண்டித் திசைகாட்டிக்கு அளவுத்திருத்தம்: வட்டமடிப்பதற்கு முன்னும் பின்னும்

மார்கழி விடியல். மதுரையிலிருந்து இராமநாதபுரம் போய்க்கொண்டிருந்தேன். மானாமதுரை தாண்டியதும் சூரியன் எதிரே எழுந்து கண்ணைக் கூசவைத்தது. காரின் உள் கண்ணாடி மூலையில் பச்சை எழுத்தில் ஒளிரும் திசைகாட்டியோ 'வடக்கு' என்று சாதித்தது. பரமக்குடியில் டீ குடித்துவிட்டு வண்டியை எடுத்தேன். அதே சாலை, அதே சூரியன். இப்போது 'மேற்கு' என்றது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வறண்டு கிடந்த கண்மாய் ஒன்றில் வண்டியை இறக்கி, கையேட்டில் சொன்னபடி நான்கு முறை வட்டமடித்தேன். ஒவ்வொரு முறையும் கருவி தன்னைத் திருத்திக்கொண்டதாக அறிவித்தது. ஒவ்வொரு முறையும் கரையேறிச் சாலைக்கு வந்ததும் பொய் சொன்னது. ஐந்தாவது முறைதான் காரணம் பிடிபட்டது. பரமக்குடி டீக்கடையில் நான் செய்த ஒரே காரியம், முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த காந்தத் தாங்கியிலிருந்து கைபேசியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டதுதான்.

கையேடுகளில் இந்த வேலைக்கு ஐந்து வரிதான் கொடுத்திருப்பார்கள்: பொத்தானை அழுத்து, மெதுவாக வட்டமடி, முடிந்தது. அந்த ஐந்து வரியும் சரிதான். ஆனால் வட்டமடிப்பது இந்த வேலையில் மிக எளிய பகுதி. அதற்கு முன் வண்டியைத் தயார் செய்வதும், அதற்குப் பின் சோதித்துப் பார்ப்பதும்தான் உண்மையான வேலை.

திருத்தும்போது என்ன நடக்கிறது?

கருவிக்கு வடக்கு எது என்று நாம் கற்றுக்கொடுப்பதில்லை. வடக்கு அதற்குத் தெரியும். அதற்குத் தெரியாதது நம் வண்டியைத்தான்.

தமிழ்நாட்டில் பூமியின் காந்தப்புலத்தின் கிடைத்தளக் கூறு, அதாவது தரைக்கு இணையாக ஓடும் பகுதி, சுமார் 40 மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). கண்ணாடிக்குள் இருக்கும் சென்சார் இந்தக் கிடைத்தளக் கூறைத்தான், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு அச்சுகளில் அளக்கிறது. வெறும் வயல்வெளியில் அந்தச் சென்சாரை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, இரண்டு அச்சின் அளவுகளையும் கட்டத்தாளில் புள்ளிகளாக வைத்தால் அழகான வட்டம் வரும்; வட்டத்தின் மையம் பூஜ்யத்தில் இருக்கும்.

காருக்குள் வைத்துச் சுற்றினால் இரண்டு கோளாறுகள் வரும். முதலாவது, காந்தமேறிய இரும்பும் ஸ்பீக்கர் காந்தங்களும் வண்டியோடு சேர்ந்தே திரும்புகின்றன. வண்டி எந்தப் பக்கம் பார்த்தாலும் அவை சென்சாரை ஒரே பக்கமாக, ஒரே அளவுக்கு இழுக்கும். வட்டம் குலையாது, அதன் மையம் மட்டும் நகர்ந்துவிடும். இதை வன்காந்த விளைவு என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது, தானாகக் காந்தம் இல்லாத கூரைத் தகடும் தூண்களும் பூமியின் புலத்தையே உறிஞ்சி வளைத்துவிடுகின்றன. அதனால் வட்டம் நசுங்கி முட்டை வடிவமாகும். இது மென்காந்த விளைவு.

அளவுத்திருத்தம் என்பது நகர்ந்த மையத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவதும், நசுங்கியதை நிமிர்த்துவதும்தான். அதற்கு எல்லாத் திசையிலும் அளவு வேண்டும் என்பதால்தான் வட்டமடிக்கச் சொல்கிறார்கள். கப்பல்காரர்களுக்கு இது பழைய தலைவலி. ஆஸ்திரேலியக் கரையை வரைபடமாக்கிய மேத்யூ பிளிண்டர்ஸ், கப்பல் திரும்பும் திசையைப் பொறுத்துத் திசைகாட்டி மாறுவதையும் அதற்குக் கப்பலின் இரும்பே காரணம் என்பதையும் 1800களின் தொடக்கத்திலேயே கவனித்தார். 1838இல் ஆங்கிலேய வானியலாளர் ஜார்ஜ் ஏரி 'ரெயின்போ' என்ற இரும்புக் கப்பலில் காந்தங்களையும் இரும்புத் துண்டுகளையும் வைத்து ஈடுகட்டிக் காட்டினார். அவர் இரும்பால் செய்ததை நம் கண்ணாடிக்குள் இருக்கும் சில்லு கழித்தல் கணக்கால் செய்கிறது.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. இடம் மாறாத காந்தத்தைக் கருவி மன்னித்துவிடும். இடம் மாறும் காந்தத்தை ஒருநாளும் மன்னிக்காது. கைபேசியை மாட்டிக்கொண்டு வட்டமடித்தால், மாட்டியிருக்கும்போது மட்டும் சரியாகக் காட்டும். கழற்றிவிட்டால் போயிற்று.

படி 1: உங்கள் வண்டியில் இருப்பது காந்தத் திசைகாட்டிதானா?

பெரிய திரை உள்ள பல புதிய வண்டிகள் ஜிபிஎஸ் தரும் பயணத் திசையைத்தான் திசைகாட்டிப் படமாக வரைந்து காட்டுகின்றன. அதில் திருத்துவதற்கு எதுவும் இல்லை.

கண்டுபிடிப்பது எளிது. திறந்த வெளியில் வண்டியை நிறுத்தி, சாவிக்கொத்து அளவுள்ள சிறு காந்தம் ஒன்றைக் கண்ணாடியருகே கொண்டுபோங்கள். எழுத்து மாறினால் காந்தச் சென்சார். ஸ்பீக்கர் காந்தம், குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் பொம்மை, எதுவும் போதும்; ஆனால் ஒட்டவிடாதீர்கள், ஒரு கையகலம் தள்ளிக் காட்டி எடுத்துவிடுங்கள். காந்தம் கொண்டுபோக மனமில்லையென்றால், நின்ற இடத்திலிருந்து ஊர்ந்தபடி ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்புங்கள். வண்டி திரும்பத் திரும்ப எழுத்து உடனே மாறினால் காந்தம். சற்றுத் தூரம் ஓடிய பிறகே விழித்துக்கொண்டு மாறினால் ஜிபிஎஸ்.

படி 2: முதலில் வண்டியைச் சுத்தப்படுத்துங்கள்

சுத்தம் என்றால் தூசி தட்டுவது அல்ல, காந்தச் சுத்தம்.

முதல் குற்றவாளி கைபேசிக் காந்தத் தாங்கி. ஒரு ரூபாய் நாணய அகலமும் அரை சென்டிமீட்டர் கனமும் உள்ள நியோடிமியம் காந்தம், ஒரு சாண் தள்ளி வைத்தாலும் பூமியின் காந்தப்புலத்துக்கு ஈடுகொடுக்கும். தாங்கியில் வெறும் காந்தம் ஒருவிதமாக இழுக்கும். அதில் கைபேசி ஒட்டியதும் புலத்தின் வடிவம் மாறி வேறுவிதமாக இழுக்கும். என் கதை அதுதான். நல்ல செய்தி என்னவென்றால், காந்தத்தின் தாக்கம் தூரத்தின் மும்மடியில் குறையும். தூரத்தை இரட்டிப்பாக்கினால் தாக்கம் எட்டில் ஒரு பங்கு. முன்கண்ணாடியிலிருந்து எடுத்து டேஷ்போர்டின் கீழ்ப்பகுதிக்குக் கொண்டுபோனாலே பெரும்பாலான தொல்லை தீர்ந்துவிடும். நான் அதைத் தூக்கியெறிந்துவிட்டுக் கவ்விப்பிடிக்கும் பிளாஸ்டிக் தாங்கி வாங்கிக்கொண்டேன்.

இரண்டாவது, டேஷ் கேமரா. கண்ணாடியின் முதுகில் ஒட்டுவதற்கென்றே செய்ததுபோல் எல்லோரும் அங்கேதான் ஒட்டுகிறார்கள். பல கேமராக்களுக்குள் 'பதிவு தொடங்கியது' என்று பேசுவதற்கு ஒரு குட்டி ஸ்பீக்கர் இருக்கிறது. ஸ்பீக்கர் என்றாலே காந்தம். அது இடம் மாறாது என்பதால் திருத்திவிடலாம், ஆனால் ஒரு சாணாவது விலக்கி ஒட்டுவது நல்லது. டேஷ்போர்டில் ஒட்டிய காந்தச் சாமி படங்களும் இந்தக் கணக்கில் சேரும். பிள்ளையாரை எடுக்கச் சொல்லவில்லை. அவர் அடியில் இருக்கும் காந்தத்துக்குப் பதில் இருபக்க டேப் ஒட்டினால் அவரும் கோபிக்கமாட்டார்.

மூன்றாவது, பலரும் கவனிக்காதது: மின்சாரம். நேர்மின்னோட்டம் ஓடும் வயரைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டு. தனி வயரில் 10 ஆம்ப் ஓடினால், 10 சென்டிமீட்டர் தள்ளி அதன் புலம் 20 மைக்ரோடெஸ்லா. நம் கிடைத்தளப் புலத்தில் சரிபாதி! கூரை வழியாகப் போகும் சன்ரூஃப் மோட்டார் வயர், பின்கண்ணாடிப் பனிநீக்கி, கூரைமேல் பிற்பாடு பொருத்திய விளக்குகள் எல்லாம் சந்தேகத்துக்குரியவை. போகும் வயரையும் திரும்பும் வயரையும் சேர்த்து முறுக்கிவிட்டால் இரண்டின் புலமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வெளிக்கடையில் விளக்கு பொருத்தும்போது எலக்ட்ரீஷியன்கள் ஒரே வயரை இழுத்துவிட்டு, மறுமுனையை வண்டியின் உடம்பிலேயே எர்த் கொடுத்துவிடுவார்கள். அப்போது அழிப்பதற்கு ஜோடி வயர் பக்கத்தில் இருக்காது.

சோதிக்க வண்டியை ஒரே இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு அணையுங்கள்: ஏசி, முகப்பு விளக்கு, பனிநீக்கி, வைப்பர், உள்விளக்கு. எதைப் போட்டால் எழுத்து தாவுகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். திசைகளின் எல்லைக்கு அருகே, அதாவது இரண்டு எழுத்துகள் மாறி மாறி வரும் கோணத்தில் வண்டியை நிறுத்திச் செய்தால் சிறு இழுப்பும் தெரிந்துவிடும்.

டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி, ஜாக்கி பற்றிக் கவலைப்பட வேண்டாம். அவை தூரத்தில், இடம் மாறாமல் இருக்கின்றன. கூரைமேல் இரும்புச் சாமான்தாங்கி இருந்தால் அது வேறு கதை; எப்போதும் இருப்பதென்றால் இருக்கவிட்டே திருத்துங்கள், எப்போதாவது மாட்டுவதென்றால் கழற்றிவிட்டுத் திருத்துங்கள்.

படி 3: இடம் தேடுதல்

நான் கண்மாயைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு. வறண்டதும் கண்மாய்த் தரை சிமெண்ட் தளம்போல் இறுகிவிடும். அடியில் கம்பி கிடையாது. பள்ளிக்கூட விளையாட்டுத் திடல், அறுவடை முடிந்த புஞ்சைக்காடு, கடற்கரையை ஒட்டிய கெட்டி மணல் எல்லாம் நல்ல இடங்கள்.

வணிக வளாகத்தின் வாகன நிறுத்துமிடம் மிக மோசமான இடம். கீழே, மேலே, தூண்களில் என்று எங்கும் கம்பி. மேம்பாலத்தின் மேலும் அடியிலும் வேண்டாம். தண்டவாளம், தகரக் கொட்டகை, நிறுத்தியிருக்கும் லாரி, இரும்புக் கிராதி வேலி ஆகியவற்றிலிருந்து முப்பது மீட்டராவது தள்ளியிருங்கள். உயரழுத்த மின்கம்பி தலைக்கு மேலே போனால் பலர் பயப்படுகிறார்கள். அதில் ஓடுவது நொடிக்கு நூறு முறை திசை மாறும் மின்சாரம். சராசரி எடுக்கும் சென்சாரை அது பெரிதாகக் குழப்பாது. குழப்புவது அந்தக் கம்பியைத் தாங்கும் இரும்புக் கோபுரம்.

மண்ணையும் பார்க்க வேண்டும். சேலம் கஞ்சமலை மேக்னடைட் இரும்புத்தாதுக்குப் பெயர்போனது. திருவண்ணாமலைப் பக்கம் கவுத்திமலை, வேடியப்பன்மலையிலும் அதே தாது. அந்த மலைகளின் அடிவாரத்தில் திருத்தம் செய்தால், மலையின் காந்தத்தையும் உங்கள் வண்டியின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

தரை கொஞ்சம் சாய்ந்திருந்தால் பரவாயில்லையா? இங்கே நம் ஊருக்கு ஒரு சலுகை இருக்கிறது. காந்தப்புலம் தரையோடு படுக்கையாக ஓடும் காந்த நடுக்கோடு நம் தெற்கு முனையை ஒட்டிப் போகிறது. திருநெல்வேலிப் பக்கம் காந்தச் சரிவு, அதாவது புலம் தரையிலிருந்து சாயும் கோணம், பூஜ்யத்தை ஒட்டியது. சென்னையில் சுமார் 14 டிகிரி. இலண்டனில் 66 டிகிரி. வண்டி 5 டிகிரி சாய்ந்து நின்றால் சாய்வை ஈடுகட்டாத சென்சார் இலண்டனில் 11 டிகிரி வரை பிசகும். சென்னையில் அதிகபட்சம் ஒன்றேகால் டிகிரி. இலண்டனில் கிடைத்தளக் கூறும் ஏறக்குறைய 19 மைக்ரோடெஸ்லாதான். நமக்கு அதைப்போல் இருமடங்கு. அயல்நாட்டுக் காணொளிகளில் நீர்மட்டம் வைத்துத் தரையைச் சோதிப்பதைப் பார்த்து மலைக்க வேண்டாம். மேடுபள்ளம் இல்லாத, கண்ணுக்குச் சமமாகத் தெரிகிற தரை நமக்குப் போதும்.

படி 4: மண்டல எண்

காந்த வடக்கு வேறு, வரைபட வடக்கு வேறு. இரண்டுக்கும் இடையிலுள்ள கோணத்துக்குக் காந்த ஒதுக்கம் என்று பெயர். தமிழ்நாட்டில் அது மேற்குப் பக்கமாக 1 முதல் 2 டிகிரிக்குள். அமெரிக்காவின் சியாட்டிலில் கிழக்கே சுமார் 15 டிகிரி. பாஸ்டனில் மேற்கே சுமார் 14 டிகிரி. அதனால்தான் அமெரிக்கச் சந்தைக்குச் செய்த பல வண்டிகளில் 1 முதல் 15 வரை மண்டல எண்கள் இருக்கின்றன. தொழிற்சாலையிலிருந்து வரும்போது பெரும்பாலும் 8 என்று வைத்திருப்பார்கள்.

எட்டுத் திசை மட்டும் காட்டும் கருவியில் ஒவ்வொரு எழுத்துக்கும் 45 டிகிரி இடம். 15 டிகிரிப் பிழை இருந்தால் மூன்றில் ஒரு நேரம் தவறான எழுத்து வரும். ஒன்றரை டிகிரி என்றால் முப்பதில் ஒரு நேரம். யாரும் கவனிக்கவே மாட்டார்கள். ஆகவே தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ ஓட்டுபவர்கள், ஒதுக்கம் பூஜ்யத்தை ஒட்டிய மண்டலத்தை வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். சியாட்டிலிலோ பாஸ்டனிலோ சிட்னியிலோ இருக்கும் உறவினர்கள் இந்த எண்ணை விட்டுவிடவே கூடாது.

கண்ணாடியின் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்தால் எண் வரும். தட்டித் தட்டி மாற்றலாம். மேலும் அழுத்திப் பிடித்தால் 'சி' என்றோ 'சிஏஎல்' என்றோ வரும். அது திருத்த நிலை. எத்தனை வினாடி என்பது கண்ணாடிக்குக் கண்ணாடி மாறும், கையேட்டைப் பாருங்கள்.

படி 5: வட்டம்

என்ஜின் ஓடட்டும். வழக்கமாக ஓட்டும்போது என்னென்ன போட்டிருப்பீர்களோ அதுவே இருக்கட்டும்: ஏசி, பாட்டு, எல்லாம். கதவுகளையும் சன்ரூஃபையும் மூடிவிடுங்கள். கைபேசி சட்டைப்பையில் வேண்டாம், பின்சீட்டில் போடுங்கள். திருத்த நிலைக்குப் போனதும் ஊர்ந்தபடி வட்டமடியுங்கள். பெரும்பாலான கையேடுகள் மணிக்கு 8 கிலோமீட்டருக்குள் என்கின்றன. நடப்பவர் வேகத்தை விடச் சற்று அதிகம், அவ்வளவுதான். முதல் கியரில் கிளட்சை விட்டால் வண்டி தானாக நகரும் வேகமே சரி. ஒரு சுற்றுக்கு ஒன்றரை நிமிடம் ஆகும்படி பெரிய வட்டமாகப் போனால் உத்தமம். வேகமாகச் சுற்றினால் சில கோணங்களில் சென்சாருக்குப் போதிய அளவு கிடைக்காது. வண்டியும் ஒருபக்கமாகச் சாயும்.

'சி' மறைந்து திசை எழுத்து வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். இரண்டு, மூன்று சுற்று முழுதாகப் போய், பிறகு எதிர்ப்பக்கமாக ஒரு சுற்று. சில கருவிகள் முதல் சுற்றிலேயே திருப்திப்பட்டுவிடும். அடுத்த சுற்றுகள் நமக்காக, அதாவது அடுத்த படிக்காக.

படி 6: சோதனை

இங்கேதான் நான் நான்கு முறை கோட்டை விட்டேன். 'சி' மறைந்தது, வேலை முடிந்தது என்று நினைத்துக் கரையேறினேன்.

எட்டுத் திசை காட்டும் கருவிக்கு எந்த உபகரணமும் வேண்டாத சோதனை ஒன்று உண்டு. ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கடிகாரம் பார்க்கச் சொல்லுங்கள். அதே வேகத்தில், அதே வட்டத்தில் சுற்றுங்கள். ஒரு சுற்றுக்கு 96 வினாடி ஆனால் ஒவ்வொரு எழுத்தும் சுமார் 12 வினாடி நிற்க வேண்டும். வடக்கு 30 வினாடி நின்று தெற்கு வந்தவுடன் ஓடிவிட்டால், வட்டத்தின் மையம் இன்னும் நகர்ந்தே இருக்கிறது. ஏதோ ஒரு காந்தம் மிச்சமிருக்கிறது. என் தம்பி மகன் எண்ணியபோது 'தென்கிழக்கு' வரவேயில்லை. "பெரியப்பா, உங்கள் வண்டிக்கு ஏழு திசைதான்" என்றான்.

டிகிரி காட்டும் கருவியென்றால் நல்ல நோயறிதல் செய்யலாம். நேரான சாலையில் நிதானமாக ஓட்டி, ஜிபிஎஸ் காட்டும் பயணத் திசையையும் திசைகாட்டியையும் ஒப்பிடுங்கள். மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினால் ஜிபிஎஸ் திசையை நம்பலாம். நின்றால் அதற்குத் திசையே கிடையாது. கருவியில் மண்டல எண் வைத்திருந்தால் இரண்டும் வரைபட வடக்கிலிருந்தே அளக்கும், நேரடியாக ஒப்பிடலாம். எட்டுத் திசையிலும் பிழையைக் குறித்துக்கொண்டபின், பிழையின் அளவைவிட அதன் வடிவத்தைப் பாருங்கள்.

எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி, எட்டிலும் கூட்டல் 10 என்றால், காந்தத்தைக் குறை சொல்லாதீர்கள். மண்டல எண் தவறு, அல்லது சென்சாரே கோணலாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. வட்டமடித்து இது போகாது.

வடக்கே போகும்போது கூட்டல் 10, தெற்கே திரும்பி வரும்போது கழித்தல் 10, கிழக்கிலும் மேற்கிலும் பிழையே இல்லை என்றால், அது வன்காந்தம். ஒரே சாலையில் போய்த் திரும்பினாலே இது அகப்பட்டுவிடும். காந்தத்தைத் தேடுங்கள், கிடைக்காவிட்டால் மீண்டும் வட்டமடியுங்கள்.

வடகிழக்கில் கூட்டல், தென்கிழக்கில் கழித்தல், தென்மேற்கில் மறுபடி கூட்டல், வடமேற்கில் மறுபடி கழித்தல் என்று கால்வட்டத்துக்கு ஒருமுறை மாறினால், அது கூரைத் தகட்டின் மென்காந்தம். மலிவான கருவிகள் மையத்தை மட்டும் திருத்தும், நசுங்கலைக் கண்டுகொள்ளாது. சில டிகிரிதான் என்றால் அதோடு வாழப் பழகிக்கொள்ளலாம்.

ஒப்பிடுவதற்கு விமான ஓடுதளம் நல்ல குறியென்று நண்பர் ஒருவர் சொல்வார். ஓடுதளத்தின் எண் காந்தத் திசையைப் பத்தால் வகுத்தது. மதுரையில் 09, 27 என்றால் ஏறக்குறைய நேர்க்கிழக்கு, நேர்மேற்கு. காந்தப்புலம் மெல்ல நகர்வதால் அந்த எண்களையே மாற்றி எழுத வேண்டி வருகிறது; இலண்டன் ஸ்டான்ஸ்டெட் நிலையத்தில் 2009இல் 05/23 என்பதை 04/22 ஆக்கினார்கள். ஆனால் பத்து டிகிரிக்கு முழுமையாக்கிய எண்ணை வைத்து வண்டியைச் சோதிக்க முடியாது. ஊருக்கு வெளியே நேராக ஓடும் சாலை ஒன்றைச் செயற்கைக்கோள் படத்தில் அளந்து வைத்துக்கொள்வது மேல்.

சென்சாரை நீங்களே பொருத்தியிருந்தால்

பழைய ஜீப்புக்குச் சிறு சென்சார் பலகை வாங்கித் தாங்களே திசைகாட்டி செய்பவர்கள் இப்போது நிறையப் பேர். கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. எச்எம்சி5883எல் சில்லு தன் இயல்பு நிலையில் 1 காஸுக்கு 1,090 என்ற கணக்கில் எண் தரும். நம் ஊரின் 40 மைக்ரோடெஸ்லா என்பது 0.4 காஸ், ஆக ஒவ்வோர் அச்சிலும் ஏறக்குறைய 436 வரை ஊசலாட வேண்டும்.

வட்டமடித்தபோது முதல் அச்சில் அதிகபட்சம் 560, குறைந்தபட்சம் கழித்தல் 300 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் மையம் 130. வித்தியாசத்தில் பாதி 430. இரண்டாம் அச்சில் 410, கழித்தல் 490 என்றால் மையம் கழித்தல் 40; பாதி 450. இரண்டு பாதிகளின் சராசரி 440. எனவே முதல் அச்சின் எண்ணில் 130ஐக் கழித்து 440/430ஆல் பெருக்க வேண்டும். இரண்டாவதில் 40ஐக் கூட்டி 440/450ஆல் பெருக்க வேண்டும்.

இப்போது சென்சார் 434, 278 என்று தருகிறது. திருத்தாமல் கோணம் கண்டால் 33 டிகிரி. திருத்தினால் இரண்டும் 311 ஆகி, கோணம் சரியாக 45 டிகிரி. 12 டிகிரி வித்தியாசம்!

ஓர் எச்சரிக்கை: அந்தப் பெயரில் கடைகளில் கிடைக்கும் பலகைகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது க்யூஎம்சி5883எல் என்ற வேறு சில்லு. அதன் முகவரியும் பதிவேடுகளும் வேறு. நிரல் ஓடவில்லையென்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். பொருத்தும் இடமும் முக்கியம்: என்ஜினிலிருந்தும் ஸ்பீக்கரிலிருந்தும் தள்ளி, உயரத்தில், பித்தளைத் திருகு அல்லது பிளாஸ்டிக் திருகு கொண்டு. இரும்புத் திருகில் மாட்டிவிட்டுப் பிழை தேடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். பேட்டரி வண்டிகளில் தடித்த மின்கம்பிகள் தரைக்கடியில் ஓடும். அங்கே சென்சார் எவ்வளவு மேலே போகிறதோ அவ்வளவு நல்லது.

எதுவுமே பலிக்காவிட்டால்

காந்தம் எதுவும் இல்லை, இடமும் நல்லது, ஆனாலும் 'சி' மறையவே மறுக்கிறது என்றால், கூரைத் தகடே காந்தமேறியிருக்கலாம். காந்தத் தலையுள்ள விளம்பரப் பலகை, காந்த அடியுள்ள ஆன்டெனா, வெல்டிங் வேலை, இவற்றில் ஏதாவது ஒன்று காரணமாக இருக்கும். சென்சார் தாங்கும் எல்லையையே புலம் தாண்டிவிட்டால் கழித்தல் கணக்கு உதவாது.

அதற்குக் காந்தநீக்கிச் சுருள் இருக்கிறது; பழைய டிவி பழுதுபார்ப்பவர்களிடம் இருந்த அதே தத்துவம். மாறுமின்னோட்டம் ஓடும் சுருளைத் தகட்டருகே மெதுவாகக் கொண்டுபோய், சிறு வட்டங்களாக நகர்த்தி, மெதுவாகவே விலக்க வேண்டும். அறுபது சென்டிமீட்டராவது தள்ளிப்போன பிறகுதான் சுவிட்சை அணைக்க வேண்டும். அருகில் வைத்தே அணைத்துவிட்டால், அந்தக் கணத்தில் இருந்த காந்தம் தகட்டில் அப்படியே தங்கிவிடும், முன்பைவிட மோசமாகும். ஏர்பேக், கேமரா, ரேடார் என்று நிறைந்திருக்கும் இன்றைய வண்டிகளில் இதை வீட்டில் செய்ய வேண்டாம் என்பேன். கருவியும் அனுபவமும் உள்ள ஒர்க்‌ஷாப்பில் கேளுங்கள்.

மறுபடி எப்போது?

முன்கண்ணாடியோ உள் கண்ணாடியோ மாற்றினால், டிங்கரிங் வேலையோ கூரையில் வெல்டிங்கோ நடந்தால், புது ஸ்பீக்கரோ கேமராவோ பொருத்தினால், வண்டியைக் கப்பலில் வேறு நாட்டுக்குக் கொண்டுபோனால் மறுபடி திருத்துங்கள். நாடு மாறும்போது மண்டல எண்ணோடு வட்டமும் அவசியம்; கிடைத்தளப் புலம் பாதியாகும் ஊரில் வண்டியின் இரும்பு இருமடங்கு பலம்பெறும். சும்மா நாள் கணக்கில் திருத்த வேண்டியதில்லை. பல கருவிகள் ஓடும்போதே தாமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொள்ளவும் செய்கின்றன.

நான் சூரிய மறைப்பின் உட்புறத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன். திருத்திய தேதி, மண்டல எண், எட்டுத் திசையிலும் எழுத்து நின்ற வினாடிகள், வண்டியில் அப்போது என்னென்ன மாட்டியிருந்தது என்ற பட்டியல். கடைசி வரி: 'பனிநீக்கி போட்டால் தெற்கு தென்மேற்காகும்.' அதை மட்டும் இன்னும் தீர்க்கவில்லை. மதுரை வெயிலில் பனிநீக்கியை யார் போடப்போகிறார்கள்?